கொழும்பில் முதல் கோப்பி கிரைண்டர்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் நல்ல கோப்பி போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கண்ணுக்கு அழகான சாமான்களைத்தான் வாங்குகிறார்கள். தூளை ஊறவிட்டு வடியால் அழுத்தும் கண்ணாடி பிரெஞ்ச் பிரஸ், நீண்ட மூக்குள்ள கேத்தல், வசதி உள்ளவர் என்றால் எஸ்பிரெஸோ இயந்திரம். கொட்டையை எதில் அரைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பணம் முடிந்துவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கைக் கிரைண்டருக்குக் கொடுங்கள். மிச்சத்தில் கோப்பியை ஊற்றி வடிக்கும் ஒரு பிளாஸ்டிக் வி60 கூம்பும் ஒரு கட்டுக் கடதாசி வடியும் வாங்கினால் போதும். அந்த மலிவான கூம்பில் வரும் கோப்பி, மோசமாக அரைத்த தூளை விலை உயர்ந்த இயந்திரத்தில் போட்டு எடுப்பதைவிட நன்றாக இருக்கும்.

காரணம் எளிது. சுடுநீர் தூளிலிருந்து சாறு இறக்கும் வேகம் துகளின் அளவைப் பொறுத்தது. மாவாக இருப்பது சட்டென்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கசப்பையும் சேர்த்து இறக்கும். பெரிய துண்டோ உள்ளே நனைவதற்குள் நேரம் முடிந்து, புளிப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். இரண்டும் கலந்த தூளில் கோப்பி போட்டால் ஒரே மிடறில் கசப்பும் புளிப்பும் வரும். அதை மறைக்கத்தான் நம்மில் பலர் மூன்று கரண்டி சீனி போடுகிறோம்.

பிளெண்டரின் சிறு சாடியில் அரைத்தால் நடப்பது இதுதான். அலகு கண்டபடி வெட்டுகிறது. அடியில் சிக்கிய கொட்டை தூசாகிறது, மேலே துள்ளிய கொட்டை பாதியாகவே நிற்கிறது. கூடுதல் நேரம் ஓடவிட்டால் தூசு கூடும், சூடும் ஏறும், பெரிய துண்டுகள் அப்போதும் இருக்கும். பர் கிரைண்டர் வேலை செய்யும் முறை வேறு. உழுந்து உடைக்கும் திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது சுழலும், இடையில் உள்ள இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்கு உடைந்தது மட்டும் வெளியே விழும். திரிகைக் கல்லின் இடத்தில் பற்கள் செதுக்கிய இரண்டு உருக்கு அல்லது செராமிக் பாகங்கள். அவைதாம் பர். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் தூளின் பருமனை நாம் தீர்மானிக்கிறோம்.

முதற்படி: உங்களுக்கு இது தேவைதானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். நம் வீடுகளில் வழமையாகப் போடும் கோப்பி, நன்றாகக் கறுக்க வறுத்து மில்லில் மாவாக அரைத்த தூள். கோப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, கலக்கி, மண்டி அடியில் இறங்கியதும் குடிப்பது. அல்லது மல்லியும் சுக்கும் மிளகும் சேர்த்த மல்லிக்கோப்பி. இவை இரண்டும்தான் உங்களுக்கு வேண்டியவை என்றால் பர் கிரைண்டர் வீண் செலவு. அவ்வளவு நுண்மையான மாவை மலிவு விலைக் கிரைண்டர்கள் இலகுவில் தராது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மிளகாய் அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். முதல் ஆள் மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை. இன்னொன்று, மல்லியையும் சுக்கையும் பர் கிரைண்டரில் ஒருபோதும் போடாதீர்கள். சுக்கின் நார் பற்களில் சிக்கும். மல்லியின் எண்ணெய் ஏறினால் அந்த வாசனை பல வாரங்களுக்குப் போகாது.

பிரெஞ்ச் பிரஸ், வி60 போன்ற ஊற்றி வடிக்கும் முறை, அடுப்பில் வைக்கும் மோக்கா பொட், தென்னிந்திய பில்டர் இவற்றில் எதையாவது பயன்படுத்துகிறவர் அல்லது பயன்படுத்த நினைக்கிறவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பிரெஞ்ச் பிரஸுக்குப் பரும்படியான தூள் வேண்டும், வி60க்கு நடுத்தரம், மோக்காவுக்கும் பில்டருக்கும் அதைவிடச் சற்று நுண்மை. மலிவான நல்ல கிரைண்டர் ஒன்று இந்த எல்லைக்குள் சௌகரியமாக வேலை செய்யும். பில்டர் கோப்பிக்குச் சிக்கரி சேர்ப்பவர்கள் அதைத் தூளாகத் தனியே வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். சிக்கரி ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும் பொருள். அது பற்களுக்கு இடையில் போகக் கூடாது.

எஸ்பிரெஸோ வேறு உலகம். ஒன்பது பார் அழுத்தத்தில் நீர் பாயும் முறை என்பதால் தூளின் பருமனில் மயிரிழை வித்தியாசம்கூடப் பத்து விநாடி வித்தியாசமாகத் தெரியும். அதற்கு மிக நுண்ணிய படிகளில் நகரும் கிரைண்டர் வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும். முதல் கிரைண்டரிலேயே எஸ்பிரெஸோவுக்கும் சேர்த்து வாங்கிவிடுவோம் என்ற ஆசையைத் தள்ளிவையுங்கள், அல்லது கீழே சொல்லும் கையால் சுற்றும் வகைகளில் அதற்கும் ஈடுகொடுப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம்படி: கையால் சுற்றுவதா, மின்சாரமா?

குறைந்த பணத்தில் வாங்கும் புதியவருக்கு என் பதில்: கையால் சுற்றுவது. மின்சாரக் கிரைண்டரின் விலையில் மோட்டார், மின்சுற்று, பிளாஸ்டிக் உடல், பெட்டி எல்லாவற்றுக்கும் பங்கு போகிறது; பருக்கு மிஞ்சுவது கொஞ்சம். கைக் கிரைண்டரில் மோட்டார் நீங்கள்தான். அதனால் அதே விலைக்கு நல்ல பரும் நேரான அச்சும் கிடைக்கின்றன.

கொழும்புக்கென்று சில காரணங்களும் உண்டு. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருளாக்கியதாக அமைச்சரே விளக்கம் சொன்னார். குரங்கின் தயவில் கோப்பி குடிக்க வேண்டியதில்லை. அடுத்தது சத்தம். தொடர்மாடியில் இருப்பவர் விடியற்காலை ஐந்து மணிக்கு மின்சாரக் கிரைண்டரைப் போட்டால் மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், தொட்டிலில் தூங்கும் குழந்தை எல்லோருக்கும் தெரியும். கைக் கிரைண்டரை அடுத்த அறையில் இருப்பவர்கூடக் கவனிக்கமாட்டார். மூன்றாவது, பழுதுபார்ப்பு. இங்கே இந்த மோட்டார்களுக்கு உதிரிப்பாகம் தேடி அலைவது பெரும்பாடு. கைக் கிரைண்டரில் பழுதாக அதிகம் எதுவும் இல்லை.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் குடிக்கிறீர்கள் என்றால் 60 கிராமைக் கையால் அரைப்பது தினமும் ஒரு தண்டனை. ஒரு தடவைக்கு 20 கிராம் அளவுதான் பெரும்பாலான சிறிய கைக் கிரைண்டர்கள் கொள்ளும். உருக்கு பர் உள்ளதில் அதற்கு ஒரு நிமிடம் போகலாம். குறைவாக வறுத்த கொட்டை கல்லாக இருக்கும். இன்னும் பலம் வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள், மணிக்கட்டு பலவீனமானவர்கள் யோசிக்காமல் மின்சாரத்துக்குப் போகலாம். அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் கைக் கிரைண்டரைப் பரிசளிக்காதீர்கள். அது அலுமாரிக்குள்தான் போகும்.

மூன்றாம்படி: பரைப் பாருங்கள், பெட்டியைப் பார்க்காதீர்கள்

கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பது எதையும் நம்ப வேண்டாம். "பர் கிரைண்டர்" என்ற பெயரில் விற்கப்படும் சில மின்சாரச் சாதனங்களுக்குள் இருப்பது வெட்டும் பற்கள் கிடையாது. கொட்டையை நசுக்கும் சிறு கூம்பு முனைகள் கொண்ட இரண்டு தட்டுகள். அவை வேகமாகச் சுழன்று தூசைக் கிளப்பும். பிளெண்டரைவிட ஓரளவு மேல், அவ்வளவுதான். மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். கூம்பு வடிவ பர் என்றால் நடுவில் திருகுபோலச் சுழன்று இறங்கும் கூரான பற்கள் தெரியும், சுற்றிலும் அதற்கு ஈடான பற்கள் கொண்ட வளையம் இருக்கும். தட்டை வடிவம் என்றால் ஓரத்தை நோக்கிச் சரிந்து வெட்டிய பள்ளங்கள் தெரியும். வெறும் முனைகள் மட்டும் தெரிந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உருக்கா, செராமிக்கா என்றால் கைக் கிரைண்டரில் உருக்கு. செராமிக் துருப்பிடிக்காது, கழுவலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மலிவான செராமிக் பர்கள் கொட்டையை வெட்டாமல் நசுக்கும். 20 கிராமுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு சிறு கல் மாட்டினால் பல் உடையும்.

அடுத்தது அச்சு. நடுத்தண்டை மேலும் கீழும் இரண்டு பெயாரிங்குகள் பிடித்திருக்க வேண்டும். பழைய மலிவு வகைகளில், ஹாரியோ ஸ்கேர்ட்டனின் முதல் வடிவமும் இதில் சேர்த்தி, உள் பருக்குக் கீழ்ப்பக்கப் பிடிப்பு இல்லை. நுண்மையாக அரைக்கும்போது ஒருவாறு சமாளிக்கும். பிரெஞ்ச் பிரஸுக்காக இடைவெளியைக் கூட்டினால் பர் ஆடத் தொடங்கி, ஒரு பக்கம் துண்டும் மறுபக்கம் தூசுமாக விழும். கடையில் சோதிப்பது சுலபம். இடைவெளியை நன்றாகக் கூட்டிவிட்டு உள் பரை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய ஆடினால் வேண்டாம்.

கடைசியாக, பருமனை மாற்றத் திருகும்போது ஒவ்வொரு படியிலும் கேட்கும் ஒரு கிளிக்குக்கு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பது. டைம்மோர் சி2 ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 80 மைக்ரோன் நகரும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வி60க்கும் பிரெஞ்ச் பிரஸுக்கும் இது தாராளமாகப் போதும், எஸ்பிரெஸோவுக்குப் போதாது. கின்கிரைண்டர் கே6 ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரோன்தான் நகரும். அதனால் எஸ்பிரெஸோவுக்கும் ஈடுகொடுக்கும்.

நான்காம்படி: எந்த வகை?

தொடக்கத்துக்கு டைம்மோர் சி2 அல்லது அதற்குப் பின் வந்த சி3. சீனத் தயாரிப்பு, 38 மில்லிமீற்றர் உருக்கு பர், கைக்கு அடக்கமான உருளை. மலிவு விலையில் நல்ல கைக் கிரைண்டர் என்ற பேச்சையே பரவலாக்கியது இந்த வகைதான் என்று நினைக்கிறேன். தைவானின் 1ஸெட்பிரெஸ்ஸோ க்யூ2 அதைவிடக் கொஞ்சம் விலை கூட. படிகள் நுண்மையானவை, பயணத்துக்கும் நல்லது. பணம் இன்னும் கொஞ்சம் கூட்ட முடிந்தால் கின்கிரைண்டர் கே6: 48 மில்லிமீற்றர் பர், வெளிப்புற வளையத்தைத் திருப்பியே பருமனை மாற்றலாம், அரைக்கும் வேகமும் அதிகம். நாளைக்கு எஸ்பிரெஸோ பக்கம் சாய்வேன் என்று சந்தேகிக்கிறவர் இதையே வாங்கட்டும். ஜெர்மனியின் கொமாந்தாந்தே சி40 பற்றி யாராவது உங்களிடம் புகழ்வார்கள். நல்ல சாமான்தான், முதல் கிரைண்டராக வாங்க வேண்டிய விலை இல்லை.

மின்சாரத்தில் பராட்ஸா என்கோர். 40 மில்லிமீற்றர் கூம்பு பர், 40 படிகள். அதன் பெரிய பலம், ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் தனியே வாங்கி வீட்டிலேயே மாற்றலாம் என்பது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக 150 டொலரை ஒட்டி விற்ற பொருள். இங்கே வந்து சேரும்போது விலை கணிசமாக ஏறிவிடும். அந்த விலை கட்டுப்படாதவர் அதைவிட மலிவான மின்சாரக் கிரைண்டரைத் தேடுவதைவிடக் கைக் கிரைண்டருக்கு இறங்கிவருவது நல்லது.

ஐந்தாம்படி: எங்கிருந்து வாங்குவது?

ஒரு காலத்தில் கோப்பியால் வாழ்ந்த நாடு இது. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. அதன் மிச்சம் கடைத்தெருவிலும் தெரிகிறது: தேநீர்க் குவளைக்கு ஆயிரம் வகை உண்டு, கோப்பி கிரைண்டர் கேட்டால் விற்பனையாளர் தோசைமா அரைக்கும் கிரைண்டரைக் காட்டுவார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள் குவிந்திருக்கும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் அலகு சுழலும் வகை. கொட்டையை வறுத்து விற்கும் நிறுவனங்களிலும் கோப்பிக்கென்றே நடக்கும் கஃபேக்களிலும் விசாரியுங்கள். அங்கே ஒரு வசதி, நீங்கள் வாங்க நினைக்கும் வகையையே அவர்கள் பாவித்துக்கொண்டிருந்தால் ஒரு பிடி கொட்டை அரைத்துக் காட்டச் சொல்லலாம்.

டராஸ் போன்ற இணையக் கடைகளில் வாங்கினால் விற்பவரின் மதிப்பீட்டைப் பாருங்கள். பர் தெரியும்படியான படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடை. வெளிநாட்டு இணையத்தளத்திலிருந்து நேரடியாக வரவழைத்தால் விலையோடு கப்பற்செலவு, சுங்க வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மலிவாகத் தெரிந்தது மலிவாக இராது.

கொழும்புத் தமிழர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலருக்கு அதுவே சிறந்த வழி. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கல்யாணத்துக்கு வரும் சித்தப்பா. சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைக் கிரைண்டர் என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி. விமான நிலையச் சோதனையில் கேள்வி வராமல் இருக்க, கையில் கொண்டுவரும் பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மின்சாரக் கிரைண்டர் என்றால் நாடு முக்கியம். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். லண்டனில் வாங்கியது அப்படியே வேலை செய்யும், மூன்று சதுர முள் பிளக்கும் பொருந்தும். சென்னையில் வாங்கியதும் ஓடும், பிளக்குக்கு மட்டும் ஒரு அடப்டர் வேண்டிவரலாம். கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கியது 120 வோல்றுக்கானது. இங்கே நேரடியாகச் செருகினால் புகை வரும். மின்மாற்றி வாங்கிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அந்தச் செலவையும் பாரத்தையும் சேர்த்தால் இலாபம் கரைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் பூச்சியத்தைக் கண்டுபிடியுங்கள். கொட்டை போடாமல், பருமன் குறையும் பக்கமாகத் திருகி, கைப்பிடி தானாகச் சுழலாமல் நிற்கும் இடம்வரை போங்கள். பலவந்தமாக இறுக்க வேண்டாம். அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக்குகளை எண்ணுவதுதான் கணக்கு. சி2இல் வி60க்கு 20 கிளிக் அளவில் தொடங்கலாம், பிரெஞ்ச் பிரஸுக்கு அதிலிருந்து சில கிளிக் கூட்டலாம். மற்ற வகைகளுக்கு எண்ணிக்கை முற்றிலும் வேறு. கூடவரும் தாளில் இருக்கும்.

தேவைப்படும் அளவை மட்டும் நிறுத்து அரையுங்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது: 15 கிராம் கொட்டைக்கு 250 மில்லிலீற்றர் நீர். வி60இல் நீர் முழுவதும் வடிந்து முடிய மூன்று நிமிடம் அளவு ஆக வேண்டும். அதற்கு முன்பே ஓடிவிட்டு, கோப்பி புளித்து நீர்த்திருந்தால் இரண்டு கிளிக் நுண்மைக்குப் போங்கள். நான்கு நிமிடம் தாண்டி, நாக்கை இழுக்கும் கசப்பு வந்தால் இரண்டு கிளிக் பின்னே வாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கொட்டை, நீர், கிளிக் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று ஒரு வாரத்துக்குத் தெரியாது.

பிளெண்டர் தூளுக்கும் கிரைண்டர் தூளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பிளெண்டரில் கொஞ்சம், கிரைண்டரில் கொஞ்சம் அரைத்து, இரண்டையும் தனித்தனியே நுண்ணிய வலைவடியில் போட்டு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். தாளில் விழும் தூசின் அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பராமரிப்பு, குறிப்பாகக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு

உருக்கு பரை ஒருபோதும் தண்ணீரில் கழுவ வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்று போதாதென்று, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்குக் கடல்பக்கமாக இருப்பவர்களின் வீட்டுக்குள் உப்பும் வருகிறது. சாவிக்கொத்தும் யன்னல் கம்பியும் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அரைத்து முடிந்ததும் சிறு தூரிகையால் தட்டிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, உலர்ந்த தூரிகையால் பல்லிடுக்கில் ஒட்டிய எண்ணெய்ப்பிசுக்கை எடுங்கள். பச்சரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கோப்பிக்கொட்டையைவிடக் கடினம்; மோட்டார் திணறும், பருக்கும் நல்லதில்லை.

கொட்டையைக் காற்றுப் புகாத போத்தலில் இருட்டான அலுமாரியில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தினமும் திறந்து மூடினால் குளிர்ந்த கொட்டையின் மேல் நீர் வேர்த்து, அந்த ஈரம் பருக்கே போகும்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்தளை, கண்டி, பதுளைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களிலிருந்து வரும் கொட்டைகளில் நிலத்தில் காயவைத்தவையும் உண்டு. அவற்றோடு சிறு கற்களும் வரும். சந்தையில் பச்சையாக வாங்கி வீட்டில் வறுப்பவர்கள் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவதுபோலவே பொறுக்கிவிட்டு வறுங்கள். வறுத்ததை வாங்குகிறவர்களும் புதிய பொதியைத் திறந்ததும் ஒருமுறை தட்டில் கொட்டிப் பார்ப்பது நல்லது. கைக் கிரைண்டரில் கல் மாட்டினால் கைப்பிடி சட்டென்று நின்றுவிடும். உடனே சுற்றுவதை நிறுத்தி, இரண்டு சுற்றுப் பின்னோக்கித் திருப்பி, இடைவெளியைக் கூட்டிக் கவிழ்த்துத் தட்டுங்கள், கல் விழும். அது விழும்வரை பலத்தைக் காட்ட வேண்டாம்.